தலையில் அடிபட்டு மாதக்கணக்கில் தலைவலியா? காலண்டரிலிருந்து தொடங்குங்கள்

ஸ்கூட்டரிலிருந்து விழுந்து ஒன்றரை வருடம் ஆகிறது. ஹெல்மெட் போட்டிருந்ததால் மண்டை உடையவில்லை, ஸ்கேன் பார்த்துவிட்டு "ஊமை அடிதான், ஒண்ணுமில்ல" என்று மறுநாளே அனுப்பிவிட்டார்கள். தலைவலி மட்டும் நிற்கவில்லை. மூன்றாவது மாதம் ஒரு டாக்டரிடம் போனேன், கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்காமல் "ஸ்கேன் நார்மல், டென்ஷன் ஆகாதீங்க" என்றார். பெரியம்மா தலையில் நீர் கோத்திருக்கிறது என்று முடிவுகட்டி நொச்சி இலை போட்டு ஆவி பிடிக்க வைத்தார். பெரியம்மாவாவது பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார்.

நான் டாக்டர் இல்லை. காரணத்தை எப்படித் தேடுவது, டாக்டரிடம் என்ன கொண்டுபோவது என்று இப்போது தெரிந்ததை அப்போதே யாராவது சொல்லியிருந்தால் ஆறு மாதம் மிச்சமாகியிருக்கும், அதற்காக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலில் பிடித்துக்கொள்ளுங்கள். சி.டி. ஸ்கேன் ரத்தக்கசிவு, எலும்பு முறிவு மாதிரி விஷயங்களைத் தேடத்தான். சுவரை போட்டோ எடுத்தால் விரிசல் தெரியும், உள்ளே வயரிங் சரியாக ஓடுகிறதா என்று தெரியாது. அதனால் ஸ்கேன் நார்மல் என்றால் உங்கள் வலி பொய் என்று அர்த்தமில்லை. அடிபட்ட 7 நாளுக்குள் ஆரம்பிக்கிற தலைவலிக்கு சர்வதேச தலைவலி சங்கத்தின் வகைப்பாட்டிலேயே தனி இடம் இருக்கிறது, அது 3 மாதம் தாண்டினால் நாள்பட்டது என்று கணக்கு.

படி 1: இது வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடிய வலிதானா?

வலி நாளுக்கு நாள் ஏறிக்கொண்டே போகிறது, திரும்பத் திரும்ப வாந்தி, எழுப்ப எழுப்பத் தூங்குகிறார், வலிப்பு, ஒரு பக்கக் கை கால் தளர்கிறது, பேச்சு குழறுகிறது, ஒரு கண்ணின் பாப்பா மற்றதைவிடப் பெரிதாக இருக்கிறது, மூக்கிலோ காதிலோ தண்ணீர் மாதிரி ஒழுகுகிறது: இதில் ஒன்று இருந்தாலும் படிப்பதை நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், 108-ஐக் கூப்பிடுங்கள்.

வயதானவர்கள் விஷயத்தில் இன்னும் உஷார். பாத்ரூமில் வழுக்கி விழுந்த தாத்தா அன்றைக்கு எழுந்து நன்றாகச் சாப்பிட்டிருப்பார், மூன்று வாரம் கழித்துத் தலைவலி, நடையில் தள்ளாட்டம், பேச்சில் ஒரு மந்தம் வரும். மூளை உறைக்கு அடியில் ரத்தம் மெதுவாகக் கசிந்து சேர்ந்திருக்கலாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்குச் சின்ன அடியே போதும். முதல் ஸ்கேன் நார்மலாக இருந்தாலும் மறுபடி எடுக்கச் சொல்லிக் கேளுங்கள்.

படி 2: காலண்டரில் குறியுங்கள்

ஆப் எல்லாம் வேண்டாம், வலிக்கிற நேரத்தில் போன் திரையைப் பார்ப்பதே ஒரு தொல்லை. பால் பாக்கெட், கேஸ் சிலிண்டர் கணக்கெழுதுகிற மாதக் காலண்டர் போதும். தினமும் படுக்கப்போகும்முன் மூன்று எண்: வலி பத்துக்கு எத்தனை, மாத்திரை எத்தனை, முந்தின இரவு எத்தனை மணி நேரம் தூக்கம். ஒரு மாதம் விடாமல் எழுதுங்கள்.

என் காலண்டரில் செவ்வாயும் வியாழனும் மட்டும் 7, 8 என்று நின்றது. எனக்கு வெயில், பட்டினி என்று ஆயிரம் சந்தேகம் இருந்தது. அந்த இரண்டு நாள்தான் வீட்டிலிருந்து வேலை, கட்டிலில் சாய்ந்துகொண்டு மடியில் லேப்டாப் என்பது அந்தக் கட்டங்களைப் பார்த்தபிறகுதான் உறைத்தது.

படி 3: மாத்திரை நாட்களை எண்ணுங்கள்

பலரும் இதை நம்ப மாட்டார்கள். வலி மாத்திரையே தலைவலியைக் கொண்டுவரும். வெறும் பாராசிட்டமால், ஐபுப்ரோஃபென் வகை என்றால் மாதத்தில் 15 நாள், காஃபின் அது இதுவென்று கலந்த மாத்திரையோ டிரமடால் மாதிரி கடுமையான வலி மாத்திரையோ என்றால் 10 நாள். இந்தக் கணக்கில் மூன்று மாதத்துக்குமேல் போனால் மாத்திரையையே சந்தேகப்பட வேண்டும். எனக்கு ஒரு மாதத்தில் 19 நாள் வந்தது. மெடிக்கல் ஷாப்பில் "அண்ணா, தலைவலிக்கு ஒண்ணு" என்று கேட்டு வாங்கியதையும் சேர்த்துத்தான்.

நிறுத்தும்போது முதல் வாரம், பத்து நாள் வலி கூடும். நாலாவது நாள் குக்கர் விசில் சத்தத்துக்கே அழுதேன். டிரமடால் வகையைத் திடீரென்று நிறுத்தவே கூடாது, எதுவானாலும் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குறையுங்கள்.

படி 4: வலி எங்கிருந்து கிளம்புகிறது?

விண் விண்ணென்று தெறித்து, வெளிச்சமும் சத்தமும் ஆகாமல், குமட்டலும் இருந்தால் ஒற்றைத் தலைவலிச் சாயல். துண்டைக் கட்டி இறுக்கின மாதிரி இரண்டு பக்கமும் அழுத்தினால் வேறு வகை. நின்றால் வலித்து, படுத்தால் கொஞ்ச நேரத்தில் தணிந்தால் முதுகுத்தண்டுவட நீர் கசிகிறதா என்று பார்க்க வேண்டும், அதைக் கட்டாயம் டாக்டரிடம் சொல்லுங்கள். படிக்கும்போது மட்டும் வலியா? ஒரு பேனாவை மூக்கை நோக்கி மெதுவாகக் கொண்டுவாருங்கள், நாலு விரல் தூரத்துக்கு முன்பே இரண்டாகத் தெரிந்தால் கண் டாக்டரைப் பாருங்கள், அடிபட்ட பிறகு இரண்டு கண்ணும் சேர்ந்து குவிவதில் சிக்கல் வருவதுண்டு.

அதிகம் கோட்டைவிடுவது கழுத்தைத்தான். தலை மோதும்போது கழுத்தும் சேர்ந்து வெட்டி இழுபடுகிறது, ஆனால் எல்லாரும் தலையையே பார்க்கிறார்கள். என்னைப் பார்த்த பிசியோதெரபிஸ்ட் மண்டை எலும்பு முடிந்து கழுத்து தொடங்குகிற குழியில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். வலித்தது அங்கே இல்லை, வலது கண்ணுக்குப் பின்னால். அதே வலி, பத்து மாதமாக என்னைப் படுத்திய அதே வலி! மேல்கழுத்து நரம்புகளும் முகத்தின் உணர்வு நரம்பும் மூளைத்தண்டில் ஒரே இடத்தில் போய்ச் சேர்வதால் மூளைக்கு எது எங்கிருந்து வருகிறது என்று குழம்பிவிடுமாம்.

ஒரு எச்சரிக்கை. சலூனில் முடிவெட்டிவிட்டு, கழுத்தைத் திருகி நெட்டி எடுப்பார்களே, அதை விட்டுவிடுங்கள். கழுத்து ரத்தக்குழாய் கிழிந்து பக்கவாதம் வரை போனவர்கள் உண்டு.

படி 5: நிவாரணம்

பலருக்கு ஒன்றுக்கு இரண்டு காரணம் கலந்திருக்கும், அதனால் ஒரே மருந்தில் போய்விடும் என்று எதிர்பார்க்காதீர்கள். எனக்கு லேப்டாப்பைக் கண் உயரத்துக்கு ஏற்றியதும் (அடியில் இரண்டு பழைய டெலிபோன் டைரக்டரி), தாடையை உள்ளே இழுத்து ஐந்து எண்ணும்வரை வைத்திருக்கும் பயிற்சியைத் தினமும் செய்ததும் பாதியைக் குறைத்தது. எழுந்திருக்கிற நேரத்தை ஞாயிற்றுக்கிழமை உட்பட மாற்றாமல் வைத்தேன்.

இருட்டறையில் மாதக்கணக்கில் படுத்துக் கிடக்க வேண்டாம். அடிபட்ட முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு போதும், அப்புறம் நடக்க வேண்டும். விளையாட்டில் தலையில் அடிபடுவது பற்றி 2022-ல் ஆம்ஸ்டர்டாமில் கூடிய நிபுணர்கள் சொன்ன அளவுகோல் எளிது: உடற்பயிற்சியால் வலி பத்துக்கு 2 புள்ளிக்குமேல் ஏறாமல், ஏறினதும் ஒரு மணி நேரத்துக்குள் இறங்கினால் பரவாயில்லை. அதற்குமேல் போனால் அன்றைக்கு நிறுத்திவிட்டு மறுநாள் வேகத்தைக் குறையுங்கள்.

தலைவலி வராமலே தடுக்கிற மருந்து டாக்டர் பாடு. அமிட்ரிப்டிலின் எழுதித் தந்தால் கூகுளில் தேடிவிட்டு "மனநோய் மாத்திரையா?" என்று பயந்து தூக்கிப் போட்டுவிடாதீர்கள் (நான் போட்டேன்), குறைந்த அளவில் அது தலைவலிக்கும் தருகிற மருந்துதான். காலையில் மந்தமாக இருக்கும், வாய் உலரும், பலன் தெரியச் சில வாரமாகும். புரோப்ரனலால் தந்தால், ஆஸ்துமா இருப்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

படி 6: டாக்டரிடம் போகும் நாள்

நரம்பியல் டாக்டரைப் பாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் ரிப்போர்ட், சாப்பிடுகிற எல்லா மாத்திரையின் அட்டை, கூடவே காலண்டர். "ரொம்ப வலிக்குது சார்" என்று தொடங்காமல், "மாதத்தில் 22 நாள் வலி, 9 நாள் வேலைக்குப் போகவில்லை, 19 நாள் மாத்திரை" என்று தொடங்குங்கள். நான் ஆணியிலிருந்து கழற்றிச் சுருட்டி எடுத்துப்போன காலண்டரை அவர் மேஜைமேல் விரித்து, விரலால் ஒவ்வொரு கட்டமாகத் தொட்டுக்கொண்டே போய், "செவ்வாய்க்கிழமை என்ன பண்றீங்க?" என்றுதான் முதலில் கேட்டார்.