அண்டியாபீஸிலோ (முந்திரி ஆலை) செங்கல் சூளையிலோ சின்னப் பிள்ளை வேலை பார்த்தால், புகார் இப்படிக் கொடுங்கள்

முதலில் செய்யக்கூடாததைச் சொல்லிவிடுகிறேன். முதலாளியிடம் போய்ச் சண்டை போடாதீர்கள், பிள்ளையின் முகம் தெரிகிற மாதிரி போட்டோ எடுத்து ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் போடாதீர்கள். சண்டை போட்டால் மறுநாளே அந்தப் பிள்ளையை வேறெங்கோ மாற்றிவிடுவார்கள், அதிகாரிகள் வந்து பார்க்கும்போது ஆள் இருக்காது.

சட்டம் என்ன சொல்கிறது என்றால், 14 வயது முடியாத பிள்ளையைச் சம்பளத்துக்கு எந்த வேலையிலும் வைக்கக்கூடாது, 14 முதல் 18 வரை உள்ளவர்களை அபாயகரமான வேலையில் வைக்கக்கூடாது. 1986-ல் வந்த சட்டம், 2016-ல் திருத்திக் கடுமையாக்கினார்கள். மீறினால் 6 மாதம் முதல் 2 ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 முதல் 50,000 ரூபாய் வரை அபராதம், இரண்டும் சேர்ந்தும் கிடைக்கலாம். வாரண்ட் இல்லாமலே போலீஸ் நடவடிக்கை எடுக்கக்கூடிய குற்றம் இது.

நம்ம கன்னியாகுமரி மாவட்டத்தில் சிக்கல், சட்டம் விலக்குத் தரும் 'குடும்பத் தொழில்' என்ற இடத்தில்தான் வருகிறது. கேட்டால் "அம்மாவுக்கு ஒத்தாசை பண்ணுது" என்பார்கள். அண்டி தல்லுகிற, அதாவது முந்திரிக்கொட்டை உடைக்கிற கையைப் பக்கத்தில் பார்த்திருக்கிறீர்களா? தோட்டு எண்ணெய் பட்டு விரல்நுனி கறுத்து, தொலி உரிந்து, சோறு பிசையும்போது எரியும். இதை ஒத்தாசை என்று விட்டுவிட முடியாது. பிள்ளை உதவ வேண்டுமானால் தொழில் குடும்பத்தின் சொந்தத் தொழிலாக இருக்க வேண்டும், ஆபத்தில்லாத வேலையாக இருக்க வேண்டும், பள்ளிக்கூட நேரத்தில் கூடாது, இரவு 7 முதல் காலை 8 வரை கூடாது, ஒரு நாளைக்கு 3 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. முதலாளி கொடுத்தனுப்பும் அண்டியை வீட்டில் வைத்துத் தல்லினால் அது அம்மாவின் சொந்தத் தொழில் ஆகிவிடாது.

சரி, யாரிடம் சொல்வது? குழந்தைகள் உதவி எண் 1098-ஐக் கூப்பிடுங்கள், இலவசம், ராத்திரியும் எடுப்பார்கள், உங்கள் பெயரைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. எழுத்தில் கொடுக்க விரும்பினால் நாகர்கோவிலில் உள்ள தொழிலாளர் உதவி ஆணையர் (அமலாக்கம்) அலுவலகத்தில் கொடுக்கலாம், கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை குறைதீர் நாளிலும் மனு கொடுக்கலாம். போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனால் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) வாங்காமல் திரும்பாதீர்கள்.

புகார் நிற்பதும் விழுவதும் நீங்கள் சொல்லும் விவரத்தில்தான் இருக்கிறது. "ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு சூளை" என்றால் எந்த அதிகாரியும் கண்டுபிடிக்க மாட்டார். எந்தக் குருசடி (சாலையோரச் சிலுவைக் கோயில்) தாண்டி எத்தனையாவது வளைவு, முன்வாசல் எது, பின்பக்கம் தோட்டத்துக்குள் இறங்கும் வழி எது, பிள்ளைகள் எத்தனை மணிக்கு வேனில் வந்து இறங்குகிறார்கள், பையன்களா பெண்பிள்ளைகளா, பேசுவது தமிழா ஹிந்தியா, எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஜீப் சத்தம் கேட்டதும் பின்வாசல் வழியாக அனுப்பிவிடுவார்கள் என்பதால் அந்த இரண்டாவது வழி ரொம்ப முக்கியம். வேறு மாநிலப் பிள்ளை என்றால் அதைக் கட்டாயம் சொல்லுங்கள், மொழி தெரிந்த ஒருவரைக் கூட்டி வருவார்கள்.

அடுத்து வயது. "பதினெட்டு ஆச்சு" என்று முதலாளி சொல்வார். பிள்ளை எந்தப் பள்ளியில் படித்தது என்று தெரிந்தால் அதையும் புகாரில் எழுதுங்கள், பள்ளிப் பதிவேட்டில் பிறந்த தேதி இருக்கும். தலைமை ஆசிரியருக்கும் இதில் கடமை உண்டு: தகவல் இல்லாமல் தொடர்ந்து 30 நாள் வராத பிள்ளையைப் பற்றி அவர் பொறுப்பு அதிகாரிக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. நிறைய பேருக்கு இது தெரியாது, போய் நினைவுபடுத்துங்கள்.

மீட்டதும் வேலை முடிந்துவிடாது. 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் பிள்ளையைக் கொண்டுபோக வேண்டும், வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும். முதலாளி கட்டும் அபராதம் மறுவாழ்வு நிதிக்குத்தான் போகும், அப்படி அபராதம் கட்டப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் அரசும் அதே நிதியில் 15,000 ரூபாய் போட வேண்டும். இந்தப் பணத்தைப் பற்றி யாராவது கேட்டால்தான் ஃபைல் நகரும். இரண்டு மாதம் கழித்தும் பதில் இல்லையென்றால் 10 ரூபாய் கட்டணத்தோடு தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனு எழுதுங்கள்: இந்தத் தேதியில் கொடுத்த புகாரில் ஆய்வு நடந்ததா, வழக்குப் போட்டார்களா, நிதி செலுத்தப்பட்டதா. பிள்ளையின் பெயரைக் கேட்காதீர்கள். 30 நாளில் அவர்கள் பதில் தந்தாக வேண்டும்.