தூண்டிலில் பிடித்த மீன் வீடு வரும்வரை கெடாதிருக்க

உவரியிலோ இடிந்தகரையிலோ தூண்டில் போடச் செல்வோர், பிடித்த மீனை வெறும் ஐஸ்கட்டியின்மேல் அடுக்காமல், இரண்டு பங்கு நொறுக்கிய ஐஸும் ஒரு பங்கு சுத்தமான கடல்நீரும் கலந்த பெட்டிக்குள் முழுவதும் மூழ்குமாறு உடனே போட்டுவிட வேண்டும். ஐஸ்கட்டி மீனை அங்கங்கேதான் தொடும். இடையில் காற்று நின்றுவிடும். கலவையோ செவுளுக்குள்ளும் புகுந்து விரைவாகக் குளிர்விப்பதுடன், உப்பின் காரணமாக 0 டிகிரிக்குச் சற்றுக் கீழேயும் உறையாமல் நீராகவே இருக்கும். திருநெல்வேலிக்கு வந்து அக்கம்பக்கத்தாருக்குப் பங்கு வைக்கும்போதும், விரலால் அழுத்தினால் குழி விழாத கெட்டியான சதையோடு கொடுக்கலாம். கடலுக்குப் போன மகிழ்ச்சியில் பாதி அந்தப் பங்கீட்டில்தான் இருக்கிறது. வெட்டிக் கழுவிய துண்டுகளுக்கு இம்முறை பொருந்தாது; சதை நீரையும் உப்பையும் உறிஞ்சிவிடும் என்பதால், அவற்றை நீர் புகாத பையிலிட்டு ஐஸுக்குள் புதைக்க வேண்டும்.