காபரேட்டர் றப்பர் வெடித்தால்

உப்புவெளிக் கடற்காற்றில் நிற்கும் என் பழைய யமஹா ஆர்எக்ஸ் 100 மோட்டார் சைக்கிள், சூடானதும் அக்சிலேட்டர் கொடுக்காமலே உறுமத் தொடங்கியது. காற்றையும் பெற்றோலையும் கலக்கும் காபரேட்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவில் உள்ள றப்பர்தான் காரணம். எஞ்சினை ஓடவிட்டு, றப்பரைச் சுற்றித் தண்ணீர் தெளியுங்கள். சத்தம் மாறினால் வெடிப்பு இருக்கிறது. தள்ளிப்போடவே வேண்டாம்: டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் அந்த வழியாகக் காற்று புகுந்தால் கலவையில் பெற்றோல் குறைந்து, சூடேறி, பிஸ்டன் இறுகிவிடும்.

சிலிக்கோன் பூசாதீர்கள். பெற்றோலில் ஊறி உரிந்து உள்ளே போகும். புது றப்பரே போடுங்கள்.

பெற்றோலை மூடி, கிளிப்பைத் தளர்த்தி (இங்கே அது துருப்பிடித்தே இருக்கும், முதல்நாளே எண்ணெய் விடுங்கள்) காபரேட்டரை இழுத்தெடுங்கள். போல்ட்டுகளைக் கழற்றி றப்பரை எடுங்கள். இடைவெளியை அடைக்கும் பழைய கஸ்கெட்டைக் கீறல் விழாமல் சுரண்டிவிட்டு, புது கஸ்கெட்டையும் புது றப்பரையும் வையுங்கள். போல்ட்டுகளைக் குறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். அப்புறம் காபரேட்டரை மாட்டி, எஞ்சினை ஓடவிட்டு மறுபடி தண்ணீர் தெளித்துப் பாருங்கள்.