ஜப்பானிய மொழியைத் துணைப்பாடமாக எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு

பட்டப்படிப்பில் ஜப்பானிய மொழியைத் துணைப்பாடமாகத் தேர்ந்தெடுக்கும் மாணவர்கள், வகுப்புகள் தொடங்குவதற்கு முன்பே ஹிராகானா, கத்தகானா ஆகிய இரண்டு ஜப்பானிய எழுத்து முறைகளிலும் உள்ள தலா 46 அடிப்படை எழுத்துகளைப் பழகிக்கொள்வது மிகவும் நல்லது; ஏனெனில், முதன்மைப் பாடத்தின் ஆய்வகப் பணிகளும் தேர்வுகளும் நெருக்கும் வாரங்களில் மொழிப் பயிற்சியைத்தான் பலரும் முதலில் கைவிடுகிறார்கள்.

பல்கலைக்கழக மதிப்பெண்ணோடு நின்றுவிடாமல், சென்னை உள்ளிட்ட நகரங்களில் ஜூலை, டிசம்பர் மாதங்களில் நடைபெறும் ஜேஎல்பிடி எனப்படும் ஜப்பானிய மொழித்திறன் தேர்வுக்கும் விண்ணப்பியுங்கள். அதன் ஐந்து நிலைகளில் எளிதானது என்5. ஆயினும், அத்தேர்வு வாசிப்பையும் கேட்டுப் புரிந்துகொள்வதையும் சோதிக்கிறதே தவிர, பேச்சையோ சொந்தமாக எழுதுவதையோ சோதிப்பதில்லை. துணைப்பாட மாணவர்கள் பெரும்பாலும் பின்தங்குவது இங்கேதான் என்பது என் உறுதியான கருத்து. ஆகவே, வகுப்புத் தோழர் ஒருவருடன் நாள்தோறும் கால் மணி நேரமாவது ஜப்பானிய மொழியிலேயே உரையாடுங்கள். வாரம் ஒருமுறை ஒரு பத்தி எழுதி ஆசிரியரிடம் திருத்தம் பெறுங்கள்.