கேரம் ராத்திரிக்குத் தட்டுவடை செட்

சனிக்கிழமை ராத்திரி ஆறு பேர் கேரம் ஆட வருகிறார்கள், உங்களுக்கோ வெந்நீர் வைப்பதைத் தாண்டிப் பெரிதாகச் சமையல் வராது. கவலை வேண்டாம். இன்றைக்குச் செய்யப்போவதில் முக்கியமான தட்டுவடை செட்டுக்கு வெந்நீர் வைப்பதைத் தவிர அடுப்பு வேலையே இல்லை.

முதலில் என் கதை. ஒருமுறை ஆசை ஆசையாக வாழைக்காய் பஜ்ஜி போட்டு போர்டுக்குப் பக்கத்திலேயே வைத்தேன். இரண்டாவது ஆட்டத்துக்குள் எண்ணெயும் பவுடரும் சேர்ந்து பலகையெல்லாம் திட்டுத்திட்டாக அப்பிக்கொண்டது. சிவப்புக் காயினைப் போட்டுவிட்டு, அதை உறுதியாக்க ஃபாலோவுக்கு அடித்த காயின் பாதி வழியில் நின்றுவிட்டது. அந்த நண்பன் இன்னும் சொல்லிக்காட்டுகிறான். அன்றிலிருந்து ஆட்டம் நடக்கும்போது விரலில் எண்ணெய் ஒட்டும் எதையும் நான் கண்ணில் காட்டுவதில்லை.

இன்னொன்று, கேரம் பவுடர் பெரும்பாலும் போரிக் ஆசிட். வாய்க்குள் போகக்கூடாத சமாச்சாரம். தின்பண்டத்தைத் தள்ளி ஒரு ஸ்டூலில் வையுங்கள். எழுந்து வருபவர் கை கழுவிவிட்டுத்தான் தட்டைத் தொட வேண்டும்.

சரி, தட்டுவடை செட்டுக்கு வருவோம். தட்டுவடை என்றால் மொறுமொறுவென்று இருக்கும் தட்டைதான். சேலத்துச் சாயங்காலக் கடைகளில் இது பிரசித்தம். இரண்டு சின்னத் தட்டுவடைக்கு நடுவே இரண்டு சட்னியும் காய்த் துருவலும் வைத்துக் கையில் கொடுப்பார்கள், அப்படியே வாயில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான். அதே தட்டுவடையை நொறுக்கிக் கலந்தால் அதற்குப் பெயர் நொறுக்கல். நமக்கு இரண்டும் வேண்டும். ஆறு பேரில் நாலு பேர் ஆட, இரண்டு பேர் வெளியே இருப்பார்கள். வெளியே இருப்பவருக்கு செட், ஆடுகிறவருக்குக் கிண்ணத்தில் ஸ்பூன் போட்டு நொறுக்கல்.

வாங்க வேண்டியவை: இரண்டு அங்குல அகலத்தில் தட்டுவடை 60 (வீட்டில் சுடும் வேலையெல்லாம் வேண்டாம், கடையில் வாங்குங்கள்), கேரட் 3, பீட்ரூட் 1, பெரிய வெங்காயம் 3, கொத்தமல்லி ஒரு கட்டு, ஒரு கைப்பிடி புதினா, பச்சை மிளகாய் 3, காய்ந்த மிளகாய் 8, பூண்டு 10 பல், எலுமிச்சை 2.

படி 1: காய்ந்த மிளகாயை வெந்நீரில் 20 நிமிடம் ஊறவைத்து, பூண்டு, உப்பு, அரை மூடி எலுமிச்சைச் சாறு சேர்த்து அரைத்துக்கொள்ளுங்கள். இது சிவப்புச் சட்னி. காரம் தாங்காத கூட்டம் என்றால் மிளகாயின் விதையைத் தட்டிவிடுங்கள்.

படி 2: கொத்தமல்லி, புதினா, பச்சை மிளகாய், உப்பு, இன்னொரு அரை மூடிச் சாறு. இது பச்சைச் சட்னி. தண்ணீரை ஸ்பூன் ஸ்பூனாகத்தான் ஊற்ற வேண்டும். இட்லிச் சட்னி மாதிரி ஓடினால் தட்டுவடை இரண்டே நிமிடத்தில் நமுத்துவிடும்.

படி 3: கேரட்டையும் பீட்ரூட்டையும் தனித்தனியாகத் துருவி, உள்ளங்கையில் வைத்து இறுக்கிப் பிழியுங்கள். முதல்முறை செய்பவர்கள் கோட்டை விடும் இடம் இதுதான். துருவலில் முன்கூட்டியே உப்புப் போட்டாலும் தண்ணீர் விட்டுக்கொள்ளும், அதனால் உப்பு சட்னியில் மட்டும் இருக்கட்டும். பீட்ரூட்டைக் கடைசிவரை தனியாகவே வையுங்கள், இல்லாவிட்டால் எல்லாம் ரத்தச் சிவப்பாகிவிடும். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கினால் போதும்.

இதுவரை உள்ள வேலையை நாலு மணிக்கே முடித்து ஃபிரிட்ஜில் மூடி வைக்கலாம். சேர்ப்பது மட்டும் கேட்கும்போதுதான்.

படி 4: ஒரு தட்டுவடையில் பச்சை, இன்னொன்றில் சிவப்பு. நடுவே துருவல், வெங்காயம், எலுமிச்சை இரண்டு சொட்டு. மூடி நீட்டுங்கள்.

படி 5, நொறுக்கல்: ஒரு கிண்ணத்துக்கு நாலு தட்டுவடையைக் கையால் உடையுங்கள், தூளாக்க வேண்டாம். துருவல், வெங்காயம், இரண்டு சட்னியிலும் அரை அரை ஸ்பூன். கிளறி உடனே கொடுத்துவிடுங்கள்.

வயிற்றுக்குக் கொஞ்சம் கனமாக வேண்டும் என்றால் பட்டாணிச் சுண்டல். கால் கிலோ காய்ந்த பட்டாணியைக் காலையிலேயே ஊறப்போட்டு, எட்டு மணி நேரம் கழித்து உப்புப் போட்டுக் குக்கரில் மூன்று விசில். தண்ணீரைச் சுத்தமாக வடித்து, கடுகும் கறிவேப்பிலையும் தாளித்து, தேங்காய், மாங்காய்த் துருவல் தூவினால் முடிந்தது. இதற்கும் ஸ்பூன்தான்.

டீயை முதல் ஆட்டம் முடியட்டும் என்று நிறுத்திவையுங்கள். போர்டு விளிம்பில் டம்ளர் வைப்பவனை மட்டும் மறுமுறை கூப்பிடாதீர்கள்.

சட்னி கட்டாயம் மிஞ்சும், மறுநாள் காலைத் தோசைக்கு ஆச்சு.