சிக்னல் வரவில்லையா? சிம்மைத் திட்டும் முன்

வேறு போனில் சிம்மைப் போட்டதும் சிக்னல் காணோம் என்றால் சிம்மைக் குறை சொல்லாதீர்கள். சிம்மில் இருப்பது உங்கள் அடையாள எண்ணும் அதை நிரூபிக்கும் ரகசியச் சாவியும்தான். அலைவரிசையைப் பிடிப்பது போனின் வேலை. உங்கள் நிறுவனம் பயன்படுத்தும் அலைவரிசை அந்தப் போனில் இல்லையென்றால் எந்தச் சிம்மும் உதவாது.

அன்லாக் கோடு கேட்கிறதா? சரி, அது ஒரே நிறுவனத்துக்குப் பூட்டிய போன். அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

அப்புறம் பலரும் கவனிக்காத ஒன்று: 2ஜி, 3ஜி நிறுத்தப்பட்ட இடங்களில், 4ஜி வழியே பேசும் வோல்டிஇ வசதி இல்லாத போனில் இன்டர்நெட் வரும், கால் வராது.

மைக்ரோ சிம்மைக் கத்தரித்து நானோ ஆக்கவும் வேண்டாம். நானோவின் தடிமன் 0.67 மி.மீ., மைக்ரோ 0.76. ட்ரேயில் சிக்கிக்கொண்டால் எடுப்பது பெரும்பாடு.