மன்னாரில் கடற்காகம் பார்க்கப் போகிறவர்களுக்கு

இலண்டனிலிருந்து மார்கழி விடுமுறைக்கு வந்து மன்னாரில் ஒரு காலையைப் பறவைகளுக்கென்று ஒதுக்குகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்குகிறார்கள். தேம்ஸ் கரையில் பார்த்துப் பழகிய கருந்தலைக் கடற்காகம்தான் இங்கேயும் நிற்கிறது என்று நினைத்துவிடுவார்கள். நானும் இரண்டு குளிர்காலம் அப்படித்தான் குறிப்பேட்டில் எழுதிவைத்தேன். உண்மையில் இங்கே கூட்டமாக நிற்பவை பெரும்பாலும் பழுப்புத்தலைக் கடற்காகங்கள். திபெத் மேட்டுநில ஏரிகளிலும் மத்திய ஆசியாவிலும் குஞ்சு பொரித்துவிட்டு வருபவை.

பெயர்தான் ஆளைக் குழப்புகிறது. குளிர்காலத்தில் இரண்டுக்குமே தலை வெள்ளை. கண்ணுக்குப் பின்னால் மை தொட்டு வைத்ததுபோல் ஒரு பொட்டு, அவ்வளவுதான். அலகும் காலும் இரண்டுக்கும் சிவப்பு. ஆகவே தலையை விட்டுவிட்டுச் சிறகு நுனியைப் பாருங்கள். பழுப்புத்தலைக்கு நுனி அகலமாகக் கறுத்திருக்கும். அந்தக் கறுப்புக்குள் வெள்ளைத் திட்டு தெரியும். கருந்தலைக்குச் சிறகின் முன்விளிம்பு வெள்ளையாக நீண்டு, நுனியில் மெல்லிய கறுப்புக் கரையோடு முடியும். கண்ணும் உதவும்: வளர்ந்த பழுப்புத்தலைக்கு வெளிறிய கண், மற்றதற்குக் கருங்கண். இளம் பறவைகள்தான் சோதிக்கும். பழுப்புத்தலையின் முதல் குளிர்காலத்தில் வெள்ளைத் திட்டும் இருக்காது, கண்ணும் கறுப்பு. அப்போதும் அந்த அகலக் கறுப்பு நுனி காட்டிக்கொடுத்துவிடும்.

சரி, மடித்த சிறகில் இதெல்லாம் எப்படித் தெரியும்? தெரியாது. அதற்காகக் கூட்டத்தை விரட்ட வேண்டாம். படகு கரைக்கு வந்து மீன் பிரிக்கும் நேரம் வரை பொறுத்திருங்கள், அவையாகவே எழும்பும். அப்போது கமராவில் சடசடவென்று நாலைந்து படம் எடுத்துவிட்டு, பிறகு ஆறுதலாகப் பெரிதாக்கிப் பாருங்கள். மீனவர் முகம் படத்தில் விழுமென்றால் முதலில் கேளுங்கள். கடற்படை முகாம் பக்கம் கமராவைத் திருப்பவே வேண்டாம். அனுமதி எடுக்காமல் ட்ரோனும் கொண்டுபோகாதீர்கள்.

பெருநிலப் பக்கத்துத் தள்ளாடியிலிருந்து மன்னார்த் தீவுக்குள் போகும் தாம்போதியின் (கடல்நீருக்குக் குறுக்கே போடப்பட்ட பாதையின்) இரு பக்கமும், 2010இல் ராம்சார் என்னும் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் பட்டியலில் சேர்ந்த வங்காலைச் சரணாலயமும், தலைமன்னார்க் கரையும் போதும். மார்கழியில் மழை குழப்பும். முடிந்தால் தையின் பின்பாதிக்கோ மாசிக்கோ பயணத்தைத் தள்ளுங்கள். எங்கே நின்றாலும் வெயில் முதுகில் விழட்டும், எதிர்வெயிலில் எல்லாமே கறுப்புத்தான்.

கூட்டத்தில் பொட்டு இல்லாமலோ மிக மங்கலாகவோ, நீண்ட அலகும் சரிந்த நெற்றியுமாக ஒன்று நின்றால் அது மெல்லலகுக் கடற்காகம். முதுகு கருஞ்சாம்பலாக, கால் மஞ்சளாக, இவற்றைவிடப் பெரிதாக நிற்பது ஹியூக்ளின் கடற்காகம். அதைவிடவும் பெரியது பல்லாஸ் கடற்காகம். மஞ்சள் அலகின் நுனிப்பக்கம் கறுப்பும் சிவப்புமாக இருக்கும். மார்கழியில் கண்ணைச் சுற்றி அழுக்குப் படிந்ததுபோல் நிற்கும் இதுவே, மாசியில் முழுக் கறுப்புத் தலையோடு, கண்ணின் மேலும் கீழும் வெள்ளைக் கீற்றோடு அதே மணலில் நிற்கும்.